குழந்தைகளின் ஹகீம் அபூபக்ர் ராஸி

ராஸி என்ற பெயரைக் கேட்டவுடன் அரபி மதரஸாக்களில் ஓதியவர்களின் நினைவுக்கு முதலில் வருவது தப்ஸீருல் கபீரை எழுதிய இமாம் பக்ருத்தீன் ராஸி (ரஹ்) அவர்கள்தாம். இம்முறை நாம் எழுத எடுத்துக்கொண்டது அவர்களைப் பற்றியன்று. அவர்களுக்கு ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன்னர் அதே நகரத்தில் பிறந்து, வைத்தியத் துறையில் கிழக்கும் மேற்கும் போற்ற வாழ்ந்த ஹகீம் அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா ராஸி அவர்களைப் பற்றித்தான். இருவரும் பிறந்தது ரை என்னும் நகரம். ரை நகரத்தாரை ராஸி என்று அழைப்பது அரபிகளின் வழக்கம். இன்று அந்த ஊர் டெஹ்ரான் மாநகரின் தென்புறத்தில் அதனோடு ஒட்டிக் கிடக்கிறது.

வணக்க வழிபாடுகளைப் பற்றி எழுதும் ஏட்டில் ஒரு வைத்தியருடைய வரலாறு எதற்கு என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. மஃரிப் தொழுகை முடிந்து மக்கள் வெளியே வரும் நேரத்தில், பள்ளிவாசல் வாசலில் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கையில் தண்ணீர்ச் செம்போடு நிற்கும் தாய்மார்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்களில் நம்மவர்களும் உண்டு, மாற்று மதச் சகோதரிகளும் உண்டு. ஓதி ஊதுகிறோம், அவர்களும் மன ஆறுதலோடு திரும்புகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஓதுவதற்காகக் குனிகின்ற அந்த ஒரு நிமிடத்தில் அந்தப் பிள்ளையின் முகமும் மூச்சும் நம் கண்ணுக்கு மிக அருகில் வந்துவிடுகின்றன. அப்போது நாம் எதைக் கவனிக்க வேண்டும்? பேசத் தெரியாத பச்சைப் பிள்ளை தன் நோயைத் தன் உடம்பால்தானே சொல்கிறது! அதைப் படிக்கும் பாடத்தை 1,100 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்துவிட்டுப் போனவர்தாம் நமது ஹகீம் ராஸி.

அன்னார் ஹிஜ்ரி 251ஆம் ஆண்டு ஷஃபான் முதல் நாளில், அதாவது கி.பி. 865ல் பிறந்தார்கள். இந்தத் தேதியை நமக்குக் குறித்து வைத்தவர், அவர்களுடைய மறைவுக்குப் பின் பிறந்த பேரறிஞர் அல்பீரூனி ஆவார்கள். ராஸி அவர்கள் எழுதிய நூல்களுக்கென்றே பீரூனி அவர்கள் தனியாக ஓர் அட்டவணை தயாரித்தார்கள். அதில் 184 நூல்களின் பெயர்கள் இருக்கின்றன. ஒருவர் எழுதிய நூல்களின் பட்டியலே ஒரு நூலாகிவிட்டது என்றால் அவர் எத்தகைய உழைப்பாளியாக இருந்திருக்க வேண்டும்!

இளமையில் அன்னார் ஊது என்னும் நரம்பு வாத்தியம் வாசிப்பவராக இருந்தார்கள் என்றும், நாணயம் மாற்றும் தொழில் செய்தார்கள் என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பிறகு ரசவாதத்தில் இறங்கினார்கள். உலோகங்களைக் காய்ச்சி, புகையிலும் நெருப்பிலும் கிடந்ததில் அவர்களுடைய கண்கள் கெட்டன. கண்ணுக்கு வைத்தியம் தேடிப் போன இடத்தில்தான் வைத்தியக் கல்வியே அவர்களைப் பிடித்துக்கொண்டது என்று பீரூனி சொல்கிறார்கள். ஆக, இளமை கடந்த பிறகே அவர்கள் இந்தத் துறைக்கு வந்தார்கள். வயது போய்விட்டது, இனி என்ன ஓதுவது என்று சலித்துக்கொள்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

முதலில் ரை நகரத்து மருத்துவமனைக்கும், பின்னர் பக்தாதில் ஒரு மருத்துவமனைக்கும் அவர்கள் தலைவராக இருந்தார்கள். பக்தாதைப் பற்றி ஒரு பிரபலமான கதை உண்டு. மருத்துவமனை கட்ட இடம் பார்க்கச் சொன்னபோது, நகரின் பல மூலைகளிலும் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிட்டு, எங்கே இறைச்சி கெடுவதற்கு அதிக நாள் பிடித்ததோ அந்த இடத்தையே தேர்ந்தெடுத்தார்கள் என்பது அந்தக் கதை. மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. ஆனால் கதையில் வரும் அளுதி மருத்துவமனை, அளுதுத் தௌலா என்ற அமீரால் ஹிஜ்ரி 372ல் திறக்கப்பட்டது. அப்போது ராஸி அவர்கள் மறைந்து ஏறக்குறைய 60 ஆண்டுகள் ஆகிவிட்டன. வைத்தியர்களின் வரலாற்றை எழுதிய இப்னு அபீ உஸைபிஆ அவர்களே இந்தக் காலக் கணக்கில் உள்ள சிக்கலைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். புகழ்வதற்கு அன்னாரிடம் மெய்யான செய்திகளே ஏராளம் இருக்கும்போது இதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அந்த மெய்யான செய்திகளில் ஒன்று, அவர்கள் நோயாளிகளைப் பார்த்த முறை. ரை நகரத்துப் பெரியவர் ஒருவர் சொல்லக் கேட்டு இப்னுந் நதீம் அவர்கள் தம் நூலில் இதைப் பதிந்திருக்கிறார்கள். ராஸி அவர்கள் பெரிய தலையுடைய முதியவர். சபையில் அமர்ந்திருப்பார்கள். அவர்களுக்கு முன்னால் மாணவர்கள், அந்த மாணவர்களுக்கு முன்னால் அவர்களுடைய மாணவர்கள், அதற்கும் முன்னால் இன்னும் புதியவர்கள் என்று வரிசை வரிசையாக இருப்பார்கள். வருகின்ற நோயாளி முதலில் எதிர்ப்படுபவரிடம் தன் நோயைச் சொல்ல வேண்டும். அவருக்குத் தெரிந்தால் மருந்து சொல்வார். தெரியாவிட்டால் அடுத்த வரிசைக்கு அனுப்புவார். எல்லோரும் கைவிட்ட பிறகே ராஸி அவர்கள் பேசுவார்கள். இன்று பெரிய மருத்துவமனைகளில் முதலில் தாதி பார்த்து, பிறகு இளம் டாக்டர் பார்த்து, கடைசியில் பெரிய டாக்டரிடம் போகிறோமே, அதே ஏற்பாடுதான்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, அடுத்தவரிடம் காலதாமதமின்றி அனுப்பிவைப்பதும் வைத்தியத்தின் ஒரு பகுதி என்று அந்தச் சபை கற்றுத் தந்தது.

ஏழைகளிடம் அன்னார் காட்டிய இரக்கத்தையும் அதே பெரியவர் சொல்லியிருக்கிறார். மருந்து சொல்லிவிட்டு அத்துடன் கைகழுவிவிடுகிற பழக்கம் அவர்களிடம் இல்லை. வறியவர்களுக்குத் தாராளமாகப் படி அளந்து, அவர்களுக்கு வேண்டிய பணிவிடைகளையும் செய்துவந்தார்கள். வைத்தியர் கிடைக்காதவர்களுக்கென்றே, கையில் அகப்படும் பொருள்களைக் கொண்டு செய்துகொள்ளத்தக்க சிகிச்சைகளை ஒரு தனிக் கிதாபாக எழுதினார்கள். ஏழைகளின் வைத்தியம் என்று அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. மக்கள் கைதேர்ந்த வைத்தியர்களை விட்டுவிட்டு ஏன் போலிகளிடம் ஓடுகிறார்கள் என்பதைப் பற்றியும் ஒரு நூல் எழுதியிருக்கிறார்கள். அந்தக் காலத்திலும் இந்தத் தொல்லை இருந்திருக்கிறது!

இனி நாம் சொல்ல வந்த விஷயத்துக்கு வருவோம். அந்த நாள்களில் பிள்ளை பெற்ற ஒவ்வொரு வீட்டையும் நடுங்கவைத்த நோய் வைசூரி எனப்படும் பெரியம்மை. அரபியில் ஜுதரீ என்பார்கள். அதற்கு அடுத்தபடி தட்டம்மை, அரபியில் ஹஸ்பா. நம் பக்கத்தில் மணல்வாரி என்றும் சொல்வதுண்டு. முன்னிருந்த வைத்தியர்கள் இவற்றைப் பற்றி அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொல்லியிருந்தார்கள். ராஸி அவர்களோ இவ்விரண்டுக்குமாகவே ஒரு தனிக் கிதாபு எழுதினார்கள். 14 பாகங்கள் கொண்ட சிறிய கிதாபுதான். ஆனால் 1498ல் வெனிஸ் நகரில் லத்தீனில் அச்சேறியது. 1747ல் லண்டனின் புகழ்பெற்ற டாக்டர் ரிச்சர்ட் மீட் அம்மை பற்றிய தம் நூலோடு இதன் லத்தீன் மொழிபெயர்ப்பையும் சேர்த்து வெளியிட்டார். 1848ல் ஆங்கிலத்திலும் வந்தது. எழுதி 900 ஆண்டுகள் கழிந்த பிறகும் ஒரு வைத்திய நூலை டாக்டர்கள் தேடிப் படித்தார்கள் என்றால் அதில் என்னதான் இருந்தது?

அதில் இருந்தது கண். முத்து வெளியே தெரிந்த பிறகு இது அம்மை என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். முத்து வருமுன்னரே எதைக் கண்டு சந்தேகிப்பது? விடாத காய்ச்சல், முதுகு வலி, மூக்கில் அரிப்பு, தூக்கத்தில் திடுக்கிட்டுப் பயந்து எழுதல், முகம் ஊதிச் சிவத்தல், கண் சிவந்து நீர் வடிதல், தலை கனத்தல் என்று அடையாளங்களை அன்னார் வகுத்துச் சொன்னார்கள். அதோடு நிற்காமல் இரண்டு நோய்களையும் பிரித்தார்கள். முதுகு வலி மிகுந்திருந்தால் அது பெரியம்மையின் பக்கம். குமட்டலும் பதற்றமும் தவிப்பும் மிகுந்திருந்தால் தட்டம்மையின் பக்கம். இப்படிப் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பிரித்துக் காட்டிய முதல் நூல் இதுதான் என்று வைத்திய வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள்.

பெயர் சொல்லிவிட்டால் போதாது, இந்த நோயாளி பிழைப்பாரா என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா? அதற்கும் அடையாளம் சொன்னார்கள். மூச்சு சிரமமில்லாமல் போய் வருகிறது, புத்தி தெளிவாக இருக்கிறது, சாப்பிட ஆசை இருக்கிறது, உடம்பை இலேசாக அசைக்க முடிகிறது, நாடி சீராக இருக்கிறது, படுக்கையில் வசதியாகப் படுத்திருக்கிறார், புரண்டு புரண்டு தவிக்கவில்லை என்றால் நல்ல குறி. முத்துகள் பெரிதாகவும் தள்ளித் தள்ளியும் எளிதில் வெளிவந்தால் அதுவும் நல்ல குறி. மாறாக, நெருக்கமாகவும் கடினமாகவும், பச்சை அல்லது ஊதா அல்லது கறுப்பு நிறம் கலந்தும் வந்தால் ஆபத்து. முத்து வெளிவந்த பிறகு காய்ச்சல் தணிய வேண்டும். தணியாமல் ஏறினால் ஆபத்து. மூச்சுத் திணறலும், குரல் அடைப்பும், நினைவு தப்புதலும் வந்துவிட்டால் பேராபத்து.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். இதில் கருவி எதுவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் பார்க்கிற இரண்டு கண்களும், நாடியைத் தொடுகிற விரலும்தான் வேண்டும். தாயிடமும் இவை இருக்கின்றன, ஓதிப் பார்க்கும் ஆலிமிடமும் இருக்கின்றன.

பணிவிடை பற்றி அன்னார் எழுதியிருப்பது இன்னும் உருக்கமானது. நோயின் குறி தெரிந்தவுடனே முதலில் கண்ணைக் காப்பாற்றுங்கள், அடுத்தது தொண்டை, பிறகு மூக்கு, காது, மூட்டுகள் என்று வரிசையே போட்டுத் தந்தார்கள். ஏன் கண் முதலில்? அம்மை கண்டு பிழைத்த பிள்ளைகள் பலர் பார்வையிழந்தே எழுந்தார்கள். உயிர் பிழைத்தால் போதும் என்று மற்றவர்கள் நினைத்த இடத்தில், பிழைத்த பிறகு அந்தப் பிள்ளை எப்படி வாழும் என்றும் இவர்கள் நினைத்தார்கள். கண்ணில் அடிக்கடி பன்னீர் விடுவது, ஒரு நாளைக்குப் பல தடவை குளிர்ந்த நீரால் முகத்தைக் கழுவுவது, தொண்டை அடைத்துக்கொள்ளாதிருக்கப் புளிப்பு மாதுளஞ்சாற்றால் கொப்பளிப்பது, வாற்கோதுமைக் கஞ்சி கொடுப்பது ஆகியவை அவர்கள் சொன்ன பக்குவங்கள். முத்து வெளிவரத் தாமதித்தால் நோயாளியை ஆடைகளால் போர்த்தி, போர்வைக்குள் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு பாத்திரங்களில் கொதிநீர் வைத்து ஆவி பிடிக்கச் செய்வார்கள். குடிப்பதற்குக் குளிர்ந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பார்கள். தண்ணீரைத் தடுத்தார்களில்லை. புண்கள் ஈரமாகிப் படுக்கை ஒட்டுகிற நிலையில், சலித்த அரிசி மாவைப் பரப்பி அதன்மேல் படுக்கவைக்கச் சொன்னார்கள். அந்தக் காட்சியை நினைத்தால் நமக்கு மனம் கலங்குகிறது. உடம்பெல்லாம் புண்ணான பிள்ளையின் முதுகுக்கு எது மெத்தென்று இருக்கும் என்று ஒரு நாட்டின் தலைசிறந்த வைத்தியர் யோசித்திருக்கிறார்!

அவர்கள் சொன்னதெல்லாம் சரி என்று நாம் சொல்லவில்லை. அம்மைக்குக் காரணம் இரத்தம் பழரசம் போலப் பொங்கிப் புளிப்பதுதான் என்று அன்னார் கருதினார்கள். நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதைப் பற்றி அந்த நூலில் பேசவில்லை. வைரஸ் என்ற கிருமி கண்டுபிடிக்கப்படாத காலம் அது. இரத்தம் எடுப்பதையும், சிறுபிள்ளைகளுக்கு ஹிஜாமா வைப்பதையும் அக்கால வழக்கப்படி சொல்லியிருக்கிறார்கள். ஹிஜாமாவின் பெயரைக் கேட்டதும் சிலர் உற்சாகமடைகிறார்கள். ஆகவே வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம்: காய்ச்சலில் வாடும் குழந்தைக்கு அதைச் செய்ய இன்றைய வைத்தியத்தில் இடமில்லை. தம் முன்னோரான ஜாலினூஸ் ஹகீமின் கருத்துகளைச் சோதித்து, அவற்றின்மீது ஐயங்கள் என்றே ஒரு நூல் எழுதிய ராஸி அவர்கள், தம்மைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவதை விரும்பியிருக்க மாட்டார்கள்.

சோதித்துப் பார்ப்பதில் அன்னார் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதற்கு இன்னொரு உதாரணம் உண்டு. மூளைச் சவ்வு அழற்சியை அக்காலத்தில் ஸிர்ஸாம் என்றார்கள். தலையும் பிடரியும் நாள்கணக்கில் வலிக்கிறது, வெளிச்சத்தைக் காணக் கண் கூசுகிறது, தூக்கமில்லை, சோர்வு மிகுந்திருக்கிறது என்றால் ஸிர்ஸாம் வரப்போகிறது என்று கண்டார்கள். அப்படிப்பட்டவர்களில் ஒரு கூட்டத்தாருக்கு இரத்தம் எடுத்து, இன்னொரு கூட்டத்தாரை வேண்டுமென்றே எடுக்காமல் விட்டு, இரண்டையும் ஒப்பிட்டுக் குறித்து வைத்தார்கள். இரத்தம் எடுக்கும் சிகிச்சை இன்று போய்விட்டது. ஆனால் பிடரி விறைப்பையும் வெளிச்சத்துக்குக் கண் கூசுவதையும் டாக்டர்கள் இன்றும் தேடிப் பார்க்கிறார்கள்.

குழந்தைகளின் நோய்களுக்கென்று ஒரு தனிச் சிறு நூலும் அவர்கள் பெயரால் வழங்குகிறது. அரபி மூலம் கிடைக்கவில்லை. லத்தீன், ஹீப்ரு மொழிபெயர்ப்புகளே மிஞ்சியிருக்கின்றன. அது அவர்களுடைய நூல்தானா என்று ஐயம் கிளப்பியவர்களும் உண்டு. தலைச் சிரங்கு, வலிப்பு, காதில் சீழ் வடிதல், வாய்ப்புண், பல் முளைத்தல், வாந்தி, வயிற்றுப்போக்கு, இருமல், மூத்திரக் கல், குடற்புழு என்று பிள்ளைகளின் நோய்களுக்கு மட்டுமே அமைந்த நூல் அது. குழந்தை மருத்துவத்தின் தந்தை என்று மேல்நாட்டார் சிலர் அன்னாரை அழைப்பதற்கு இதுவே காரணம்.

இப்போது நம் வீடுகளுக்கு வருவோம். பெரியம்மையை அல்லாஹ் உலகத்திலிருந்தே நீக்கிவிட்டான். இந்தியாவில் கடைசியாகக் கண்டது 1975ல். ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 1980ல். ராஸி அவர்கள் அதோடு ஜோடி சேர்த்து எழுதிய தட்டம்மையோ இன்னும் போகவில்லை. 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் அதனால் இறந்ததாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். 2022ன் கடைசியில் மும்பையில் அது பரவியபோது, நம் சமுதாயத்தார் நெருக்கமாக வாழும் கோவண்டிப் பகுதியில்தான் முதலில் கடுமையாகத் தாக்கியது. தடுப்பூசி போடாத பிள்ளைகளே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். அந்தப் பெற்றோரைத் தடுப்பூசிக்கு இணங்கவைக்க அதிகாரிகள் இமாம்களின் உதவியை நாடும் நிலை வந்தது. ஒன்பது மாதம் நிறைந்ததும் ஒன்று, 16 மாதத்துக்கும் 24 மாதத்துக்கும் இடையில் இன்னொன்று. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடும் இரண்டே ஊசிகள். மருந்து செய்துகொள்ளுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியிருக்க, தவக்குல் என்ற பெயரால் இதைத் தள்ளுவதற்கு மார்க்கத்தில் என்ன ஆதாரம் இருக்கிறது?

அம்மை கண்டால் ஆகாரத்தைக் குறைக்க வேண்டும், டாக்டரிடம் காட்டக் கூடாது, ஊசி போட்டால் உள்ளே இறங்கிவிடும் என்ற பேச்சுகள் நம் வீட்டுப் பெண்களிடமும் புகுந்துவிட்டன. இவை மார்க்கமும் அல்ல, வைத்தியமும் அல்ல. தட்டம்மையில் பிள்ளையைக் கொல்வது பெரும்பாலும் மேலே தெரிகிற தடிப்பு அன்று. நுரையீரலில் சளி கட்டுவதும், வயிற்றுப்போக்கில் உடல்நீர் வற்றுவதும்தான். கண் போவதற்கு வைட்டமின் ஏ குறைவு ஒரு முக்கியக் காரணம். அதனால்தான் தட்டம்மை கண்ட குழந்தைக்கு டாக்டர்கள் வயதுக்கேற்ற அளவில் அந்த மருந்தை அடுத்தடுத்த இரண்டு நாள்கள் கொடுக்கிறார்கள். முதலில் கண்ணைக் காப்பாற்றுங்கள் என்ற ராஸி அவர்களுடைய சொல்லுக்கு இன்றைய மருந்து இது.

எனவே காய்ச்சல் கண்ட குழந்தை மடியில் கிடக்கும்போது கவனியுங்கள். பால் சப்பவோ தண்ணீர் குடிக்கவோ முடியவில்லையா? குடித்ததை எல்லாம் வாந்தி எடுக்கிறதா? வலிப்பு வந்ததா? கூப்பிட்டால் கண் திறக்காமல் துவண்டு கிடக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய குழந்தை, அந்த இரவே. அடுத்து, குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60ம் அதற்கு மேலும், ஒரு வயதுக்குள் 50ம் அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40ம் அதற்கு மேலும் இருந்தால் அது வேக மூச்சு. உடனே டாக்டர் பார்த்தாக வேண்டும். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்ளே குழிந்தால் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம், புறப்படுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ஓதுவதை வண்டியில் போகும்போதும் ஓதலாம். நம் ஆலிம் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஓதி ஊதிய பின், நாளைக்கு வா என்று சொல்லுமுன் அந்த மூச்சை ஒரு முறை பாருங்கள். தெரியாததை அடுத்த வரிசைக்கு அனுப்பிய ராஸி சபையின் கடைசி வரிசை மாணவரிடம் இருந்த பண்பு நம்மிடமும் இருக்கட்டும்.

அன்னாரைப் பற்றி எழுதும்போது ஒரு விஷயத்தை மறைத்துவிட்டுப் போவது முறையன்று. கொள்கை விஷயத்தில் ராஸி அவர்கள்மீது கடுமையான குற்றச்சாட்டுகள் உண்டு. நபித்துவம் தேவையில்லை என்னும் பொருள்பட அவர்கள் எழுதியதாகச் சொல்லப்படுகிறது. அப்படி அவர்கள் எழுதினார்கள் என்றால் அதை நாம் முற்றாக மறுக்கிறோம். ஆனால் அந்தச் செய்தி விரிவாகக் காணப்படுவது, அவர்களோடு வாதாடிய இஸ்மாயீலி பிரசாரகர் அபூஹாத்தம் ராஸி எழுதிய நூலில்தான். எதிர்வாதி எடுத்துச் சொன்னதை எந்த அளவுக்கு ஏற்பது என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே இன்றுவரை கருத்து வேற்றுமை இருக்கிறது. அவர்களுடைய உள்ளத்தின் கணக்கு அல்லாஹ்விடம் இருக்கிறது. மக்களுக்குப் பயன்தரும் கல்வி யாரிடமிருந்து வந்தாலும் எடுத்துக்கொள்வது நம் முன்னோர்களான உலமாக்களின் வழிமுறை. அவர்கள் இவருடைய தத்துவத்தை மறுத்தார்கள். இவருடைய வைத்தியக் கிதாபுகளை ஓதினார்கள்.

எழுதுவதும் படிப்பதும்தான் அன்னாருக்கு வாழ்க்கையாக இருந்தது. யார் போய்ப் பார்த்தாலும், ஒன்று வரைவு எழுதிக்கொண்டிருப்பார்கள், அல்லது அதைச் செப்பனிட்டு எழுதிக்கொண்டிருப்பார்கள். தாயத்துகளில் எழுதுவது போன்ற பொடி எழுத்தில் ஒரே ஆண்டில் 20,000 ஏடுகளுக்கு மேல் எழுதியதாக அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஒரு பெரிய தொகுப்பு நூலுக்காகப் பதினைந்து ஆண்டுகள் இரவும் பகலும் உழைத்ததில் பார்வை மங்கி, கையின் தசையும் கெட்டுப்போயிற்று. அதன் பிறகும் விட்டார்களில்லை. பிறரைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள், தாம் சொல்ல அவர்களை எழுதச் செய்தார்கள். கடைசியில் இரு கண்களும் பார்வை இழந்தன. பாக்கிலா எனப்படும் அவரையை அதிகம் தின்றதால்தான் கண் எப்போதும் ஈரமாக இருந்தது என்று அந்த ரை நகரத்துப் பெரியவர் சொல்கிறார். சிகிச்சை செய்துகொள்ளச் சொன்னபோது, உலகத்தைப் பார்த்துச் சலித்துவிட்டதாகச் சொல்லி மறுத்துவிட்டார்கள் என்றும் ஓர் அறிவிப்பு இருக்கிறது. எத்தனையோ பிள்ளைகளின் கண்ணைக் காக்க வழி சொன்னவர்களின் முடிவு இப்படி அமைந்தது.

பிறந்த ஊரான ரை நகரத்திலேயே ஹிஜ்ரி 313ஆம் ஆண்டு ஷஃபான் ஐந்தாம் நாளில், கி.பி. 925ல் காலமானார்கள். சந்திரக் கணக்கில் வயது 62ம் ஐந்து நாள்களும்.

எழுதி முடிக்கப்படாத குறிப்பு ஏடுகள் அவர்களுடைய சகோதரியிடம் இருந்தன. எந்த நோயாளிக்கு என்ன கண்டது, என்ன கொடுத்தோம், பிழைத்தாரா, இறந்தாரா என்றெல்லாம் அன்றாடம் குறித்து வைத்தவை. அந்த அம்மையார் அவற்றை எரிக்கவுமில்லை, எறியவுமில்லை. பின்னர் வஸீர் இப்னுல் அமீத் ரை நகரத்துக்கு வந்து, பெரும்பொருள் கொடுத்து அவற்றை வாங்கி, ராஸி அவர்களின் மாணவர்களை ஒன்றுகூட்டி ஒழுங்குபடுத்தச் செய்தார். அதுதான் அல்ஹாவீ என்னும் பெருநூல். 1279ல் லத்தீனில் பெயர்க்கப்பட்டு, 1486ல் இத்தாலியில் அச்சாயிற்று. அரபி மூலத்தை முழுமையாக அச்சிடும் வேலையை 1955ல் தொடங்கி, ஒவ்வொரு பாகமாக வெளியிட்டு நிறைவேற்றிய பெருமை நம் நாட்டு ஹைதராபாதிலுள்ள தாயிரத்துல் மஆரிபில் உஸ்மானிய்யாவைச் சேரும்.